பொங்கலன்று நிழலைத் தேடுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளுக்குச் சூரியனைப் பற்றிச் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று மொரிஷியஸ், ரீயூனியன், டர்பன் வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வந்த சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வேர்விட்டிருக்கின்றன. ஐரோப்பாவுக்கோ இந்தியாவுக்கோ எழுதிய செய்முறையை அப்படியே எடுத்து நம் ஊரில் செய்து பார்த்திருக்கிறார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்கு அது பல இடங்களில் பொருந்தாது.

கேள்வி: கோவில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை நிழற்கடிகாரம் செய்யச் சொன்னேன். இணையத்தில் கிடைத்த செய்முறையில், குச்சியின் நிழல் கடிகார முள் போகும் திசையில் நகரும், நண்பகலில் வடக்கே விழும் என்று போட்டிருந்தது. செப்டம்பரில் செய்து பார்த்தால் இரண்டுமே தலைகீழாக வருகிறது. பிள்ளைகள் தாங்கள்தான் தப்பு செய்துவிட்டோம் என்று அழித்து அழித்து வரைகிறார்கள். எங்கே பிழை?
– தமிழ் ஆசிரியை, கத்ர் போர்ன்

பதில்: பிழை செய்முறையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வரைந்ததை இனி அழிக்க விடாதீர்கள், டீச்சர். அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

மொரிஷியஸ் தெற்கு அட்சரேகை 20 பாகையில் இருக்கிறது. ஆண்டில் பத்து மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும், அதனால் நிழல் தெற்கே விழும். கிழக்கில் உதித்து வடக்கு வழியாக மேற்கே போகும் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் நிழல் மேற்கு, தெற்கு, கிழக்கு என்று நகரும். கோவிலை வலம் வரும் திசை கடிகாரத்தின் திசை. நம் ஊர் நிழல் அதற்கு நேர் எதிராக, இடஞ்சுழியாக வரும். பிள்ளைகளை ஒரு தூணைச் சுற்றி இரண்டு விதமாகவும் நடக்கவிட்டால் உடனே புரிந்துவிடும். நிழற்கடிகாரத்தில் எண்களையும் இடஞ்சுழியாகத்தான் எழுத வேண்டும்.

மீதி இரண்டு மாதம், நவம்பர் 22 முதல் ஜனவரி 20 வரை, சூரியன் நமக்குத் தெற்கே போய்விடும். அப்போது நண்பகல் நிழல் வடக்கே விழும். நண்பகலை ஒட்டி நிழல் நகரும் திசையும் மாறிவிடும். டிசம்பரில் செய்திருந்தால் செய்முறை சரி என்றே உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

இதைச் சரியாகச் செய்யும் விதம்: தரையிலிருந்து குச்சியின் நுனிவரை மிகச் சரியாக 1 மீட்டர் இருக்க வேண்டும். துடைப்பக் கட்டை போதும். ஒரு பெயின்ட் டின்னில் மணல் நிரப்பி நடுவில் நடுங்கள். நூலில் ஒரு திருகாணியைக் கட்டி, குச்சிக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமிருந்தும் தொங்கவிட்டுப் பாருங்கள். குச்சியும் நூலும் இணையாக இருந்தால்தான் குச்சி நேராக நிற்கிறது. ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் நிழலின் நீளம் ஏறத்தாழ 2 செ.மீ. மாறிவிடும். கோடைக் காலத்து நண்பகலில் மொத்த நிழலே 2 முதல் 6 செ.மீ. என்பதால், பிள்ளைகளின் அளவு பாழாவது பெரும்பாலும் இந்தச் சாய்வால்தான். தரை மட்டத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் தட்டில் தண்ணீர் ஊற்றி, விளிம்பில் ஒரே சீராக நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

காலை 11 மணிக்கு நிழல் நுனியில் ஒரு புள்ளி வையுங்கள். குச்சியின் அடியில் கயிற்றைக் கட்டி, அந்தப் புள்ளி வழியாக ஒரு வட்டம் போடுங்கள். நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போகும், பிறகு நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும். தொடுகிற இடத்தில் இரண்டாம் புள்ளி. இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் அது கிழக்கு மேற்கு. அதன் நடுவையும் குச்சியின் அடியையும் இணைத்தால் வடக்கு தெற்கு. கோவில் கட்டும் ஸ்தபதிகள் ‘சங்கு’ என்ற முளையை நட்டுத் திசை குறிப்பது இதே முறையில்தான். தமிழ் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கைபேசியின் திசைகாட்டியை வைத்து இதைச் சோதிக்க வேண்டாம். மொரிஷியஸில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து 15 பாகைக்கும் மேல் மேற்கே விலகி நிற்கிறது; டர்பனில் 20 பாகைக்கும் மேல். ‘எங்கள் வடக்கும் கைபேசி வடக்கும் சேரவில்லை’ என்று பிள்ளைகள் சொன்னால், குச்சியின் பக்கம் நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நிழல் நுனி கூர்மையாக இருக்காது, ஓரம் கலங்கித் தெரியும். சூரியன் புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதால் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலில் ஏறத்தாழ 9 மி.மீ. அகலத்துக்குக் கலங்கல் வரும். குச்சியின் நுனியில் ஒரு சின்ன அட்டையைப் படுக்கை வாட்டில் ஒட்டி, நடுவில் குண்டூசியால் துளை போடுங்கள். நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்ச வட்டம் விழும். அந்த வட்டத்தின் மையத்தைக் குறித்தால் சந்தேகமே இராது.

கேள்வி: என் 7 வயது மகன் சூரியனைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்க்கலாமா? என் மாமியார், ‘நாங்கள் கிரகணத்தின்போது தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதில்தான் பார்ப்போம், ஒன்றும் ஆகாது’ என்கிறார்.
– ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: இரண்டும் வேண்டாம். மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். உச்சியில் உள்ள சூரியனின் ஒளியில் தண்ணீர் திருப்பி அனுப்புவது ஏறத்தாழ 50-ல் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி உள்ளே விடுவதோ 30,000-ல் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியென்றால் தாம்பாளத்தில் தெரியும் சூரியன் பாதுகாப்பான அளவைப்போல் 600 மடங்கு பிரகாசமானது. மஞ்சள் கரைத்தால் கொஞ்சம் மங்கும், அந்த அளவுக்கு மங்காது. வெயில் கண்ணாடி, எக்ஸ்ரே தாள், சி.டி., கரி பூசிய கண்ணாடி எதையும் நம்ப வேண்டாம். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளை ஒன்றும் சொல்ல மாட்டான், அதுதான் ஆபத்து.

மகன் சூரியனைப் பார்க்கத்தான் வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்க்க வையுங்கள். 1 மீட்டருக்குக் குறையாத நீளமான அட்டைப்பெட்டி ஒன்று, அல்லது துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்று எடுங்கள். ஒரு முனையில் 3 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி, அதன்மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டி, குண்டூசியின் நுனியால் மட்டும் குத்துங்கள். துளை 1 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது. மறு முனையின் உள்பக்கம் வெள்ளைத் தாள். பக்கவாட்டில், தாளுக்கு அருகே, எட்டிப் பார்க்க ஒரு சன்னல். துளை சூரியனைப் பார்க்க, பிள்ளை சன்னல் வழியாகத் தாளைப் பார்க்க வேண்டும். துளை வழியாகக் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. இதை அட்டையிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

தாளில் தெரியும் அந்தச் சின்ன வெள்ளை வட்டம் துளையின் வடிவம் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள். அதனால் இரண்டாவது தாளில் ஊசி நுனியால் ஒரு குட்டி முக்கோணம் வெட்டி மாட்டிப் பாருங்கள். அப்போதும் வட்டம்தான் விழும். அது சூரியனின் உருவம் என்பது அந்த நிமிடத்தில்தான் பிள்ளைக்கு உறைக்கும். மாமரத்தடியில் தரையில் விழுகிற வெளிச்சப் பொட்டுகள் ஏன் வட்டமாக இருக்கின்றன என்பதற்கும் இதுவே விடை. இலைகளின் இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் பொட்டு வட்டம்தான்.

மூத்த பிள்ளைகள் அந்த வட்டத்தை அளக்கலாம். துளையிலிருந்து தாள் 1 மீட்டர் தள்ளி இருந்தால் வட்டத்தின் விட்டம் 9 மி.மீ.-க்குக் கொஞ்சம் கூடுதல். 2 மீட்டர் என்றால் 18 அல்லது 19. விட்டத்தைத் தூரத்தால் வகுத்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள 15 கோடி கிலோமீட்டரால் பெருக்கினால் சூரியனின் விட்டம் கிடைக்கும். 14 லட்சம் கி.மீ.-க்கு அருகே வந்தால் கைத்தட்டுங்கள். 20 லட்சம் வந்தால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். துளையின் அகலம் வட்டத்தின் ஓரத்தில் சேர்ந்துவிடும். ஷூ பெட்டியில் செய்தால் வட்டம் 3 மி.மீ. தான் வரும், அதை அளவுகோலால் அளந்து பயனில்லை.

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு பீட்சா பெட்டியில் சூரிய அடுப்பு செய்தேன். வீடியோவில் சொன்னபடி அலுமினியத் தாள் ஒட்டிய மூடியைத் தெற்கே பார்க்க வைத்தோம். இரண்டு மணி நேரம் ஆகியும் உள்ளே வெப்பம் 48 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறவில்லை. சீஸ் உருகவே இல்லை. பிள்ளைகளுக்கு அழாத குறை.
– ஒரு தாத்தா, சேந்த் ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: ஐயா, முதல் காரணம் தெற்கு. ஆகஸ்ட் நடுவில் உங்கள் ஊரில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 35 பாகை சரிந்து வடக்கே நிற்கும். மூடி தெற்கே பார்த்தால் பெட்டிக்கு வெளிச்சம் தருவதற்குப் பதில் நிழல்தான் தந்திருக்கும். மூடியின் கீல் தெற்குப் பக்கமும், பளபளப்பு வடக்குப் பக்கமும் இருக்க வேண்டும். நம் தீவுகளில் மொட்டை மாடிகளில் உள்ள சோலார் வாட்டர் ஹீட்டர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வடக்கே முகம் வைத்திருக்கும். சென்னையில் அதே தகடுகளைத் தெற்கே பார்த்து மாட்டுகிறார்கள்.

இனி மற்றவை. பீட்சா பெட்டியின் அட்டை மெல்லியது, வெப்பம் ஒழுகும். இரண்டு பெட்டிகள் எடுங்கள். உள்பெட்டி 30 செ.மீ. சதுரம், 15 செ.மீ. ஆழம். வெளிப்பெட்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிது. இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளோ, நன்றாகக் காய்ந்த கரும்புத் தோகையோ தளர்வாக அடையுங்கள். அழுத்தி அடைத்தால் காற்று வெளியேறிவிடும். வெப்பத்தைத் தடுப்பது அந்தக் காற்றுதான். ஈரத் தோகை வைத்தால் அதை உலர்த்துவதிலேயே வெப்பமெல்லாம் போய்விடும்.

உள்சுவர்களில் அலுமினியத் தாள், அடியில் கறுப்பு. பலரும் அடியிலும் பளபளப்பை ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே வந்த ஒளியை அது அப்படியே வெளியே அனுப்பிவிடும். பாத்திரமும் கறுப்பாக, மெல்லியதாக, மூடியோடு இருக்கட்டும். பளபளக்கும் எவர்சில்வர் வேண்டாம். மேலே கிளிங் ஃபிலிம் இரண்டு அடுக்கு, நடுவில் 1 செ.மீ. இடைவெளி விட்டு, தொய்வில்லாமல் ஒட்டுங்கள். ஓரங்களில் விரலை வைத்துப் பாருங்கள். சூடான காற்று பட்டால் அங்கே ஒழுகுகிறது, டேப் போடுங்கள்.

மூடியின் கோணத்தைப் பாகைமானியால் பார்க்க வேண்டியதில்லை. மூடியை மெல்ல அசைத்தால் ஒரு வெளிச்சக் கட்டம் நகர்வது தெரியும். அந்தக் கட்டம் கறுப்பு அடியில் முழுதாக விழும்போது ஒரு குச்சியை முட்டுக்கொடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பெட்டியைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் சூரியன் நகர்வதை அவர்களே சொல்வார்கள். காலை 10.30-க்குத் தொடங்குங்கள். மேகமில்லாத நாளில் 70 முதல் 90 பாகை வரை ஏறும். சாக்லேட் கால் மணியில் இளகும், ரொட்டிமேல் சீஸ் அரை மணியில் உருகும். ‘ஆச்சா, ஆச்சா’ என்று திறந்து பார்ப்பதைத் தடுக்க, உள்ளே ஒரு அடுப்பு வெப்பமானியை வெளியிலிருந்து தெரியும்படி வைத்துவிடுங்கள்.

இறைச்சி, முட்டை இந்தப் பெட்டியில் வேண்டாம். 60 பாகைக்குக் கீழே நெடுநேரம் கிடக்கும் உணவில் கிருமி பெருகும். நல்ல கண்ணாடி மூடியும் தேர்ந்த கையும் இருந்தால் அதுவும் முடியும்தான். 1834 முதல் 1838 வரை கேப் டவுனில் தங்கித் தெற்கு வானத்தை ஆராய்ந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷல், கறுப்புப் பெட்டியில் கண்ணாடி மூடி, வெயிலிலேயே முட்டையையும் இறைச்சியையும் வேகவைத்துக் காட்டினார். நம் பக்கத்துக் கடற்கரையில், நம் பக்கத்துச் சூரியனில் நடந்தது அது.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘டிசம்பரில் ஏன் வெயில் கொளுத்துகிறது’ என்று கேட்டேன். ‘அப்போது சூரியன் கிட்டே வருகிறது’ என்றார்கள். மறுக்கப் போனால், ஜனவரி தொடக்கத்தில் பூமி உண்மையிலேயே சூரியனுக்கு அருகில் வருகிறது என்று ஒரு மாணவி புத்தகத்தையே எடுத்துக் காட்டினாள். எப்படி விளக்குவது?
– அறிவியல் ஆசிரியர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அந்த மாணவி சொன்ன தகவல் சரிதான், ஐயா. ஜனவரித் தொடக்கத்தில் தூரம் 14.71 கோடி கி.மீ., ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடி. தெற்கே வாழும் பிள்ளைகளுக்கு இந்தத் தப்பெண்ணம் விடாமல் ஒட்டிக்கொள்வதற்குக் காரணமே இந்தப் பொருத்தம்தான். அவளை மறுக்க வேண்டாம். இன்னொரு கேள்வி கேளுங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் தமிழ்நாட்டில் மார்கழி, தை. விடியலில் பனி கொட்டுகிறது, போர்வையை விட்டு எழ மனம் வராது. அதே சூரியன், அதே தூரம். டர்பனில் மட்டும் எப்படி வியர்க்கிறது? தூரம் காரணமாக இருந்தால் இரண்டு ஊரும் ஒன்றாக வியர்க்க வேண்டும். வீட்டில் தொலைபேசியில் பேசும் உறவுக்காரர்களிடம் பிள்ளைகளே கேட்டு வரட்டும்.

பிறகு டார்ச். கட்டத்தாள், டார்ச், அதன் வாயில் பொருத்த கறுப்புத் தாள் குழாய். குழாய் இல்லாவிட்டால் வெளிச்சத்தின் ஓரம் கலைந்துபோய்க் கட்டங்களை எண்ண முடியாது. டார்ச்சை 30 செ.மீ. தூரத்தில் அசையாமல் கட்டிவிடுங்கள். கையில் பிடித்தால் தாளைச் சாய்க்கும்போது தூரமும் மாறிவிடும். பிள்ளைகள் மறுபடி ‘கிட்டே, தூரே’ கதைக்கே போய்விடுவார்கள். தாளை நேராக வைத்து வெளிச்சம் விழும் கட்டங்களை எண்ணுங்கள். பிறகு தாளை 53 பாகை சாய்த்து எண்ணுங்கள். முதலில் 60 கட்டம் என்றால் இப்போது 100-ஐ ஒட்டி வரும். 53 பாகை ஏன் என்றால், ஜூன் 21 நண்பகலில் டர்பனில் சூரியன் உச்சியிலிருந்து அவ்வளவு சரிந்திருக்கும். டிசம்பர் 21-ல் 6 பாகைதான் சரிவு. அதே வெளிச்சம் 60 கட்டத்தில் விழுவதற்குப் பதில் 100 கட்டத்தில் பரவினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பது குறைவுதானே. அதோடு டர்பனில் டிசம்பர்ப் பகல் 14 மணி நேரம், ஜூன் பகல் 10 மணி நேரம். தூரத்தால் வருவது 7 சதவீத வித்தியாசம் மட்டுமே. சாய்வால் வருவது அதைவிடப் பல மடங்கு.

கேள்வி: டர்பன் பள்ளி ஒன்றோடு சேர்ந்து, ஒரே நாளில் இரண்டு ஊரிலும் குச்சி நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டோம். 1,06,000 கி.மீ. வந்தது! அளவுகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டோம்.
– மாணவர் குழு, போர்ட் லூயி

பதில்: உங்கள் நிழல் அளவு நன்றாகத்தான் இருந்திருக்கும். தவறு தூரத்தில் இருக்கிறது. விமானம் பறக்கும் தூரமான 2,870 கி.மீ.-ஐப் போட்டிருப்பீர்கள். டர்பன் உங்களுக்குத் தெற்கே மட்டுமில்லை, வெகுதூரம் மேற்கேயும் இருக்கிறது. இந்தக் கணக்குக்கு வேண்டியது வடக்குத் தெற்குத் தூரம் மட்டும். வரைபடத்தில் டர்பனின் அட்சக்கோட்டை நேர் கிழக்கே இழுத்து, போர்ட் லூயிக்கு நேர் தெற்கே வரும் இடத்திலிருந்து அளந்தால் 1,077 கி.மீ. வரும். நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து சரிந்து நிற்கும் கோணத்தில் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் 9.7 பாகை. 360-ஐ 9.7-ஆல் வகுத்து 1,077-ஆல் பெருக்குங்கள்: 40,000 கி.மீ. கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்தது இதைத்தான். அவர் எடுத்துக்கொண்ட அலெக்சாந்திரியாவும் சையினும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருந்ததால் இந்தச் சிக்கல் அவருக்கு வரவில்லை.

‘ஒரே நேரத்தில் அளக்க வேண்டாமா’ என்ற சந்தேகமும் வரும். வேண்டாம். அவரவர் ஊரில் நிழல் மிகக் குறுகும் நொடியில் அளந்தால் போதும். ஜூன் 21 என்றால் 1 மீட்டர் குச்சிக்குப் போர்ட் லூயியில் 95 செ.மீ., டர்பனில் 134 செ.மீ. வர வேண்டும். டிசம்பரில் செய்தால் மட்டும் ஒரு கவனம்: அப்போது சூரியன் இரண்டு ஊருக்கும் நடுவே நிற்கிறது. போர்ட் லூயி நிழல் வடக்கே 6 செ.மீ., டர்பன் நிழல் தெற்கே 11 செ.மீ. கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்.

கேள்வி: (மூன்று கடிதங்களின் சுருக்கம்) 5, 6 வயதுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று செய்யக்கூடியதாக ஏதாவது?

பதில்: மலிவான கருநீலம் அல்லது ஊதா வண்ணத் தாளில் சாவி, பெரணி இலை, கத்தரிக்கோல் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் கண்ணாடி வைத்து, 4 மணி நேரம் வெயிலில் விடுங்கள். மூடாத இடம் வெளுக்கும். விலை உயர்ந்த தாள் சாயம் போகாமல் இருக்கவே செய்தது, அதை வாங்காதீர்கள்.

இரண்டு ஒரே அளவு பால்மாவு டின்கள், ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்கு வெள்ளைப் பூச்சு. ஒவ்வொன்றிலும் 300 மி.லி. தண்ணீர், மூடி போட்டு வெயிலில். 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். மூடியைத் திறந்தே வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்து வித்தியாசம் தெரியாமல் போகும். கலக்கிவிட்டு அளக்க மறந்தாலும் அப்படித்தான்.

மாலைச் சூரியன் சிவப்பது: நீளமான கண்ணாடித் தொட்டியில் 2 லிட்டர் தண்ணீர், இருட்டறை, ஒரு முனையில் டார்ச். அரைத் தேக்கரண்டிப் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பக்கவாட்டில் லேசான நீலம், எதிர் முனையில் ஆரஞ்சு. ஒரேயடியாகப் பாலை ஊற்றினால் வெறும் வெள்ளைதான்.

அளவைக் காட்ட: 14 செ.மீ. விட்டமுள்ள பந்து ஒன்று சூரியன். அந்த அளவில் பூமி 1.3 மி.மீ., சமையலறையில் உள்ள கடுகுகளில் மிகச் சிறியது ஒன்றைப் பொறுக்குங்கள். பந்திலிருந்து 15 மீட்டர் தள்ளிக் கடுகை வைக்க வேண்டும். நிலவு அந்தக் கடுகிலிருந்து 4 செ.மீ. கூட இல்லை. பந்துக்கும் கடுகுக்கும் நடுவே பிள்ளையை நடக்கவிடுங்கள். உண்மையான சூரியனிலிருந்து பூமிவரை அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 8 நிமிடம் 20 நொடி ஆகிறது.

எல்லாவற்றுக்கும் தொப்பி, தண்ணீர். கோடையில் நம் தீவுகளில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். பிள்ளைக்கு ஒரு அளவுகோல் சொல்லிக்கொடுங்கள்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் தொப்பி இல்லாமல் நிற்காதே.

கேள்வி: பொங்கல் சூரியனுக்கான நாள் என்று பேத்திக்குச் சொன்னேன். ‘அன்றைக்குச் சூரியன் என்ன விசேஷமாகச் செய்கிறது பாட்டி’ என்று கேட்கிறாள். என்ன சொல்ல?
– ஒரு பாட்டி, ரோஸ் பெல்

பதில்: மொரிஷியஸில் விசேஷமாகவே செய்கிறது, அம்மா. தைப்பொங்கலன்று நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. உச்சியிலிருந்து ஒரு பாகைதான் தெற்கே விலகல். பொங்கல் பானையை முற்றத்தில் வைத்தால் அதன் நிழல் பானைக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

பேத்தியோடு இதைச் செய்யுங்கள். முதல் பதிலில் சொன்ன 1 மீட்டர் குச்சியைப் பொங்கலுக்கு முதல் நாளே நட்டு, நூல் பிடித்து நேராக்கிவிடுங்கள். நண்பகல் என்பது கடிகாரத்தில் 12 மணி இல்லை. நம் நேரம் 60 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு வைத்தது. நாம் இருப்பது 57.5 பாகையில், அதனால் 10 நிமிடம் தாமதம். பூமியின் சுற்றுப்பாதையால் ஜனவரி நடுவில் மேலும் 9 நிமிடம் சேரும். ஆக, 12.19-க்கு. 12.05 முதல் 12.35 வரை 5 நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் எந்த நிமிடம் மிகக் குறுகியது என்று அவளே கண்டுபிடிப்பாள். நிழல் வடக்கே 2 செ.மீ. மட்டும் இருக்கும்.

சென்னையில் உறவினர் இருந்தால் அவர்களையும் 1 மீட்டர் குச்சி வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் கடிகாரத்தில் 12.18-க்கு 68 செ.மீ. வரும். டர்பனில் 12.05-க்கு 15 செ.மீ., தெற்குப் பக்கமாக. மூன்று ஊர் எண்களையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

குச்சியை எடுத்துவிடாதீர்கள். அந்த 2 செ.மீ. நிழல் தினமும் 3, 4 மி.மீ. குறைந்துகொண்டே போகும். ஜனவரி 18, 19-ல் தெற்குக் கரையில் சூய்யாக் பக்கம் நிழல் முழுதாக மறையும். நிழல் மறையும் அந்தக் கோடு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 22 கி.மீ. வடக்கே நகர்ந்து, 20-ஆம் தேதி வாக்கில் போர்ட் லூயிக்கும் 21-ல் கிராண்ட் பேக்கும் போய்ச் சேரும். ரோஸ் பெல் நடுவில் இருப்பதால் 19, 20 இரண்டு நாளும் 12.20-ஐ ஒட்டிக் குச்சிப் பக்கத்திலேயே இருங்கள். ஜனவரியில் மேட்டுப் பகுதியில் மத்தியானம் மேகம் கூடிவிடுவது வழக்கம். க்யூர்பீப், ரோஸ் பெல் பக்கம் வானம் மூடிக்கொண்டால் மேற்குக் கரையில் ஏதாவது உறவினர் வீட்டுக்குக் குச்சியோடு கிளம்பிவிடுங்கள். இந்த முறை தவறினால் அடுத்த வாய்ப்பு நவம்பர் 22-ஐ ஒட்டி, காலை 11.56-க்கு.